நான் எழுதாத ஒரு சொல்

பள்ளி நூலகம்,
திங்கட்கிழமை, மாலை 4.10

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடியே எழுதுவதென்று முடிவு செய்திருக்கிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். வழக்கமாக "இங்கு எல்லோரும் நலம்" என்று தொடங்குவோமே, அதை இந்த முறை எழுத முடியவில்லை. அது உண்மையா என்று எனக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். உங்கள் கப்பல் கல்லூரியில் கொடுக்கும் பத்து நிமிடத்தில் எட்டு நிமிடம் அப்பாவுக்குப் போய்விடுகிறது. மீதி இரண்டு நிமிடமும் அம்மா என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். இது அம்மாவைப் பற்றிய விஷயம். அதனால் பதிலைப் பள்ளி நூலக முகவரிக்கு எழுது. நூலகர் சாரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். "என்னம்மா, துப்பறியும் வேலையா?" என்று கேட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஐந்து மணிக்கு அவர் விளக்குகளை ஒவ்வொரு வரிசையாக அணைத்துக்கொண்டு வருவார். செய்தித்தாள் மேசையில் ஆரம்பித்து என் மேசையில் முடிப்பார். எனக்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கிறது.

முதலில் வீட்டுச் செய்தி. சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. பதினாலு மாடிக் கட்டடத்துக்கே குழாய் வேலை பார்க்கும் அப்பா, வீட்டுக்கு வந்தால் அதைப் பார்க்காத மாதிரி நடக்கிறார். அம்மா பட்டறையில் இப்போது காலர் மட்டும் தைக்கிறாள். ஒரு நாளைக்கு நானூறு காலர். கனவில்கூடக் கழுத்துதான் வருகிறது என்கிறாள். நீ கப்பலில் ஏற இன்னும் முப்பத்து மூன்று நாள் என்று அப்பா நாட்காட்டியில் வட்டம் போட்டிருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் "எங்க கேப்டன் ஆறு மாசம் கடல்ல" என்கிறார். நீ என்ஜின் அறைக்குத்தான் போகிறாய், கேப்டன் இல்லை என்று நான் திருத்தினால் கோபம் வருகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அடிக்கடி வரும் காய்ச்சல் உனக்குத் தெரியும். இந்த வருடம் இதுவரை பதினொரு முறை வந்திருக்கிறது. தேதி, சூடு, எத்தனை நாள் என்று தனி நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நம் தெரு டாக்டர் இவ்வளவு நாளும் "வளர்ற பிள்ளைக்கு வர்ற காய்ச்சல்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். போன முறை நோட்டைக் காட்டினேன். இரண்டு பக்கம் படித்ததும் ஒரு சீட்டு எழுதி, உறையில் போட்டு ஒட்டி அம்மா கையில் கொடுத்தார். என் கையில் கொடுக்கவில்லை. அன்றிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம்.

பெரிய மருத்துவமனைக்குப் போனோம். மூன்றாவது மாடி. டாக்டர் உயரமான பெண், காலில் நீல ரப்பர் செருப்பு. எனக்கு இரண்டு கையிலும் தனித்தனியாக ரத்த அழுத்தம் பார்த்தார். ஒரு கை போதாதா? பிறகு ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் வைத்துக் கேட்டார். அப்புறம் வயிற்றில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வயிற்றில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? பசி சத்தம்தான் இருக்கும். கடைசியில் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அப்பா அம்மாவிடம் பதினேழு நிமிடம் பேசினார். சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன். அம்மா கண் சிவந்து வெளியே வந்தாள். அப்பா என் தலையில் கையை வைத்து, "ஒண்ணும் இல்லடா, சத்துக் குறைவு" என்றார். சத்துக் குறைவு என்று சொல்வதற்குப் பதினேழு நிமிடமா?

அடுத்த வாரம் ஒரு பெரிய மெஷினுக்குள் படுக்கவைத்துத் தலையைப் படம் எடுத்தார்கள். உள்ளே டமடமவென்று சத்தம். கேட்டால் அம்மா, "கண்ணாடி போடணுமான்னு பாக்குறாங்க" என்றாள். அக்கா, கண்ணாடிக்கு எழுத்துப் பலகையைத்தான் காட்டுவார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள் என்றாள் அம்மா. நான் வகுப்பு டீச்சரிடம் போய் விசாரித்தேன். அப்படி யாரும் கேட்கவில்லை. ரத்தம் எடுக்கிற அண்ணன், "மூணு பேர்தானா? இன்னொரு பொண்ணு இருக்குன்னு சீட்டுல எழுதியிருக்கே" என்றார். அப்பா, "அவ வெளியூர்ல கப்பல் படிப்பு படிக்கிறா. குதிரை மாதிரி இருக்கா, அவளுக்கு எதுக்கு?" என்றார். யாருக்கும் ஒன்றுமில்லை என்றால், உனக்கு ஒன்றுமில்லை என்று மட்டும் ஏன் தனியாகச் சொல்ல வேண்டும்?

அக்கா, முதலில் நான் இவர்களுடைய குழந்தைதானா என்றுகூடச் சந்தேகப்பட்டேன். அதற்குத்தான் ரத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார்களோ என்று நினைத்தேன். அரை மணி நேரம் கண்ணாடி முன் நின்றேன். மூக்கு அப்படியே அப்பா மூக்கு. அந்தச் சந்தேகத்தை அடித்துவிட்டேன்.

அடுத்தது சாதாரணமானதில்லை. போன வெள்ளிக்கிழமை அம்மா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, உள்ளே நின்று சித்தியுடன் போனில் பேசினாள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்திருப்பாள். நான் கதவில் காதை வைத்தேன். (தப்புதான். உண்மையை எழுதுவதாகச் சொன்னதால் எழுதுகிறேன்.) அம்மா அழுதுகொண்டே சொன்னது இதுதான்: "நானும் கேரியராம், அவரும் கேரியராம். எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் பண்ணலையாம். ரெண்டும் சேந்து சின்னவளுக்குப் போயிடுச்சு. என் கையாலயே குடுத்த மாதிரி இருக்குடி."

நம் வீட்டில் மூன்று சாப்பாட்டுக் கேரியர் இருக்கிறது. அப்பாவுடையது நாலு அடுக்கு, அம்மாவுடையது இரண்டடுக்கு, என்னுடையது மூடி நசுங்கியது. மூன்றையும் கட்டுவது அம்மா. அவர்கள் கேரியரில் இருந்த ஏதோ ஒன்று என் கேரியருக்குப் போயிருக்கிறது, அதை அம்மாவே தன் கையால் கொடுத்திருக்கிறாள். சேர்த்துப் பார். விஷமோ என்றுகூடத் தோன்றுகிறது. குளிர்ப்பெட்டியில் காய்கறித் தட்டுக்குப் பின்னால் ஒரு நீலப் பெட்டியும் வந்திருக்கிறது. தொட்டால் அம்மா கத்துகிறாள்.

அம்மா அப்படிச் செய்வாள் என்று நான் நம்பவில்லை. ஆனால் நம்பாமல் இருப்பது ஆதாரம் ஆகாது. இன்று முதல் மதியச் சாப்பாட்டைச் சாப்பிடப் போவதில்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் எடுத்துப் பாட்டிலில் போட்டு, நாள் எழுதி ஒட்டி வைக்கப்போகிறேன். உன்னிடம் இரண்டே கேள்வி. நீ வீட்டில் இருந்தபோது சாப்பாட்டில் எப்போதாவது வித்தியாசம் தெரிந்ததா? உனக்கும் காய்ச்சல் வந்ததுண்டா?

நூலகர் சார் அகராதி வரிசை வரைக்கும் வந்துவிட்டார். முடிக்கிறேன். உடனே பதில் போடு.

உன் அன்புத் தங்கை,
பென்சில்


பள்ளி நூலகம்,
வியாழக்கிழமை, மாலை 4.05

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் நேற்று வந்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் இந்தப் பத்து நாளில் நடந்ததை எழுதிவிடுகிறேன். அம்மாவைப் பற்றிப் போன கடிதத்தில் எழுதியதைக் கிழித்துவிடு. படிக்கப் படிக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது. எழுதும் எதற்கும் கரடுப்பிரதி வைத்துக்கொள்வது என் வழக்கம் என்பது உனக்குத் தெரியும்.

நான்கு நாள் மதியம் சாப்பிடாமல் இருந்தேன். ஐந்தாவது நாள் காலை வணக்கக் கூட்டத்தில் நின்றபடியே விழுந்துவிட்டேன். அதே நேரத்தில் உயிரியல் ஆய்வகத்தில் நாற்றம் தாங்காமல் டீச்சர் மேசைக்கு அடியில் தேடியிருக்கிறார். "திங்கள்", "செவ்வாய்", "புதன்", "வியாழன்" என்று எழுதிய நாலு பாட்டில். என் கையெழுத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

பட்டறையிலிருந்து அம்மா ஓடி வந்தாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. டீச்சர் பாட்டில்களைக் காட்டி, "என்ன ஆராய்ச்சிம்மா இது?" என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேரியர் என்று சொன்னதும் அம்மா சுவரில் சாய்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். "என் சாப்பாட்டையாடி சந்தேகப்பட்ட? நாலு நாள் பட்டினி கிடந்தியாடி பாவி?" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அதே கையால் தடவினாள். அக்கா, எனக்கு அடி வலிக்கவில்லை. தடவியதுதான் வலித்தது.

அன்று மாலையே ரப்பர் செருப்பு டாக்டரிடம் போனோம். டாக்டர் அப்பாவைப் பார்த்து, "நான்தான் முதல்லயே சொன்னேனே, இந்தப் பொண்ணுகிட்ட மறைச்சா அவளே ஒரு கதை கட்டிக்குவான்னு" என்றார். அப்பா, "புஸ்தகத்தப் படிச்சே பயந்துடுவான்னு பாத்தோம் டாக்டர்" என்றார். "இப்ப மட்டும் என்ன, தைரியமாவா இருந்தா? சோத்தப் பாட்டில்ல அடைச்சு வெச்சிருக்கா" என்றாள் அம்மா.

இந்த முறை என்னை வெளியே அனுப்பவில்லை. டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். நீ கவனமாகப் படிக்க வேண்டும். நீதான் படிக்க வேண்டும்.

என் காய்ச்சலுக்குக் காரணம் ரத்தக் குழாய்கள். இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் தமனிகளின் சுவர் வீங்கிக்கொள்கிறது. அப்பா உடனே, "அடைப்புன்னா கம்பி விட்டுக் குத்தி எடுத்துடலாமே?" என்றார். "இது கழிவு அடைச்சது இல்லீங்க, சுவரே கோவிச்சுக்கிட்டு வீங்குது" என்றார் டாக்டர். "வீங்குற குழாய இருபது வருஷத்துல நான் பாத்ததே இல்ல." "உங்க குழாய்க்கு உயிர் இல்ல, இதுக்கு இருக்கு."  அப்பா காய்த்துப்போன கையை மடியில் வைத்துக்கொண்டு விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவர் ஏன் கோபித்துக்கொள்கிறது? நம் ரத்தத்தின் வெள்ளையணுக்கள் ஒரு நொதியைச் சுரக்க வேண்டும். அதன் பெயர் எழுத்தும் எண்ணுமாக வண்டி நம்பர் மாதிரி இருந்தது. அந்த நொதி இருந்தால் வெள்ளையணுக்கள் ஒழுங்காக வளர்ந்து அமைதியாக இருக்கும். இல்லாவிட்டால் சண்டைக்காரர்களாக வளர்ந்து, சொந்தக் குழாய்ச் சுவரிலேயே சண்டை போடும். எனக்கு அந்த நொதி கிட்டத்தட்ட சுத்தமாக இல்லை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பாதி இருக்கிறது. பாதி இருந்தாலே போதுமாம், ஒன்றும் செய்யாதாம்.

அந்த நொதியைச் செய்யச் சொல்லும் குறிப்பு இருபத்திரண்டாவது குரோமோசோமில் இருக்கிறது. ஒவ்வொருவரிடமும் அதற்கு இரண்டு பிரதி உண்டு. ஒரே புத்தகம் நூலகத்தில் இரண்டு பிரதி இருப்பது போல என்று நான் நினைத்துக்கொண்டேன். அம்மாவிடம் இருக்கும் இரண்டில் ஒன்றில் அச்சுப்பிழை. அப்பாவிடமும் அப்படியே. அவர்கள் தூரத்துச் சொந்தம் இல்லையா, ஒரே கொள்ளுத் தாத்தாவிடமிருந்து அதே பக்கத்தில் அதே பிழை இரண்டு பேருக்கும் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். நல்ல பிரதி ஒன்று கையில் இருப்பதால் அவர்கள் அதைப் படித்துச் சமாளித்துக்கொள்கிறார்கள். தனக்கு நோய் வராமல் பிழையை மட்டும் கொண்டுபோகிறவர்களுக்குத்தான் கேரியர் என்று பெயராம். மூடி நசுங்கிய என் கேரியரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு இரண்டு பேரிடமிருந்தும் பிழைப் பிரதியே வந்துவிட்டது. அம்மா "என் கையால குடுத்த மாதிரி" என்று அழுதது இதற்குத்தான்.

தலையைப் படம் எடுத்தது கண்ணாடிக்காக இல்லை. இந்த நோய் மூளைக்குப் போகும் மெல்லிய குழாய்களில் வந்தால் பக்கவாதம். வயதானவர்களுக்கு வருவது போல நம் வயதிலேயே வருமாம். என் படத்தில் ஒரு பழைய புள்ளி இருக்கிறது. "எப்பவாவது கை மரத்துப் போச்சா?" என்று டாக்டர் கேட்டார். போன வருடம் ஒரு மதியம் முழுக்க இடது கையில் பென்சில் நிற்கவே இல்லை. நான் இடது கையால்தானே எழுதுவேன். விளையாட்டு வகுப்பில் பந்து பட்டதால் என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. சொன்னதும் அப்பா எழுந்து ஜன்னலருகே போய் நின்றுகொண்டார். பிறகு டாக்டர், "கண்ணு ரெண்டு ரெண்டா தெரிஞ்சிருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். இந்தக் கேள்வியை ஞாபகம் வைத்துக்கொள்.

பயப்படாதே, இதற்கு மருந்து இருக்கிறது. நீலப் பெட்டிக்குள் இருப்பது அதுதான். வாரம் ஒரு ஊசி. சண்டைக்கு ஆள் கூப்பிடும் ஒரு பொருளை அது வாயடைத்துவிடுமாம். அதைப் போட ஆரம்பித்தால் பக்கவாதம் பெரும்பாலும் வருவதில்லை என்றார். அம்மா ஊசி போடக் கற்றுக்கொண்டுவிட்டாள். நானூறு காலர் தைக்கிற கை, கொஞ்சம்கூட நடுங்கவில்லை. நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன்.

டாக்டர் உன்னைப் பற்றிக் கேட்டார். அப்பா ஒரு கணக்குச் சொன்னார்: "நாலுல ஒண்ணுக்குத்தான் வரும்னீங்க. எங்களுக்கு ரெண்டு பொண்ணு. ஒருத்திக்கு வந்தாச்சு, பெரியவ தப்பிச்சா." டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்படி இல்லீங்க. ஒவ்வொரு குழந்தைக்கும் புதுசா நாலுல ஒண்ணு. முன்னாடி யாருக்கு வந்துச்சுங்குறது சேத்தியே இல்ல. ஒரே வீட்டுல ஒருத்திக்குக் காய்ச்சலா வரும், இன்னொருத்திக்குத் தோல்ல மட்டும் தெரியும், அப்புறம் ஒரு நாள் திடீர்னு விழுந்துடுவா" என்று சொல்லி உனக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அப்பா தலையாட்டினார். கட்டட முதலாளி சொல்வதைச் செய்யப் போவதில்லை என்றால் எப்படித் தலையாட்டுவாரோ, அப்படி. வெளியே வந்ததும் அம்மாவிடம், "இப்பப் போய்ச் சொன்னா அவ பயிற்சி கெட்டுடும். கப்பல்ல இருந்து வரட்டும், பாத்துக்கலாம்" என்றார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். நாலே வரி. "பென்சில், உனக்குக் கற்பனை ஜாஸ்தி. அம்மா கொடுப்பதை ஒழுங்காகச் சாப்பிடு. காலில் வலை மாதிரித் தெரிந்தால் பயப்படாதே, வெந்நீரில் பத்து நிமிடம் வைத்தால் மங்கிவிடும். பரீட்சைக்குப் படி."

அக்கா, நான் வலையைப் பற்றி எழுதவே இல்லையே.

கரடுப்பிரதியை எடுத்து மூன்று முறை படித்தேன். காய்ச்சல் இருக்கிறது. கழுத்து, வயிறு, தலை, கை எல்லாம் இருக்கிறது. கால் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் டாக்டரின் செருப்பு மட்டும்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும் எழுதுவேன் என்று சொல்லிவிட்டு நான் அதை மட்டும் மறைத்தேன். என் முட்டிக்குக் கீழே ஊதா நிறத்தில் அறுந்த வலை மாதிரிக் கோடுகள் இருக்கின்றன. குளிர்ந்தால் அதிகமாகும். விளையாட்டு வகுப்பில் "மீன் பிடிக்கப் போறியாடி, வலையோட வந்திருக்க?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். அசிங்கமாக இருக்கிறது என்று உன்னிடம்கூட எழுதவில்லை. டாக்டர் முதல் நாள் அதைத்தான் வெகு நேரம் பார்த்தார். நான் எழுதாததை நீ எழுதியிருக்கிறாய். வெந்நீரில் மங்கும் என்பதும், பத்து நிமிடம் என்பதும் உனக்கு எப்படித் தெரியும்? நான் நேற்று வாளியில் காலை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் மங்கியது. முழுதாகப் போகவில்லை.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சந்தேகப்பட ஆரம்பித்தேன். போன கோடை விடுமுறைக்கு வந்தபோது மின்விசிறிக்குக் கீழேகூட நீ காலுறையைக் கழற்றவில்லை. "பயிற்சில பழகிடுச்சு" என்றாய். உனக்குப் பதினாறு வயதிருக்கும்போது, பேருந்து நிறுத்தத்தில் ஒரு வாரம் ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பேருந்து எண்ணைப் படித்தாய். ஏன் என்று கேட்டதற்கு, "கடற்கொள்ளைக்காரி மாதிரி இருக்கேனா?" என்று சிரிக்க வைத்துவிட்டாய். ரெண்டு ரெண்டாகத் தெரிந்ததால்தானே மூடினாய்?

கடைசி ஆதாரம் உன் பழைய பத்தாம் வகுப்பு உயிரியல் புத்தகம். அதைத்தான் இப்போது நான் படிக்கிறேன். ரத்த நாளங்கள் பாடத்தில், தமனிப் படத்துக்குப் பக்கத்தில் ஏதோ எழுதி அழித்திருந்தது. பென்சிலைப் படுக்கவைத்து மெல்லத் தேய்த்தேன். எழுத்து வெள்ளையாக எழுந்து வந்தது. "குளிரில் வலை வருவது ஏன்? யாரிடம் கேட்பது?" என்று எழுதியிருந்தாய்.

ஐந்து வருடமாக நீ யாரிடமும் கேட்கவில்லை. உடல்தகுதிச் சோதனைக்கு முன்னால் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு போனாயா? அதற்கு எனக்குப் பதில் வேண்டாம்.

உன் மேல் கோபம் இல்லை. உனக்கு அந்த என்ஜின் அறை எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். நேற்று டாக்டருக்குப் போன் செய்து, இந்த நோய் இருப்பவர் கப்பலில் வேலை பார்க்க முடியுமா என்று கேட்டேன். "யாருக்கும்மா கேக்குற?" என்றார். பாடத்துக்கு என்று பொய் சொன்னேன்.  டாக்டர், "மருந்து ஒழுங்காப் போட்டா எவ்வளவோ வேலை பாக்கலாம். கப்பல்ல விடுவாங்களான்னு எனக்குத் தெரியாது. ஆனா பரிசோதிக்காம போறது, ஆறு மாசம் ஆஸ்பத்திரியே இல்லாத ஊருக்குப் போற மாதிரி. அந்தப் பாடத்துக்குச் சொல்லிடு" என்றார். உன்னைக் கப்பலில் விடுவார்கள் என்று நான் பொய் எழுத மாட்டேன். விடாமலும் போகலாம். இன்னும் இருபத்து மூன்று நாள்தான் இருக்கிறது. நடுக்கடலில் உனக்கு ஏதாவது ஆனால் சுற்றிலும் தண்ணீர்தானே இருக்கும்.

இதோடு டாக்டர் உனக்கு எழுதிய சீட்டை வைத்திருக்கிறேன். அப்பாவின் வேலைப் பையில், குழாய் மரைக்குச் சுற்றும் வெள்ளை டேப்புக்கு அடியில் மடித்து வைத்திருந்தார். திருடினேன். ஓரத்தில் இருக்கும் கறை குழாய் எண்ணெய். சீட்டைக் காட்டினால் ஒரு குழல் ரத்தம் எடுப்பார்கள். எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும். உனக்குப் பாதியாவது நொதி இருக்கலாம், முழுதாகவும் இருக்கலாம். வலை வேறு காரணத்தாலும் வருமாம், அதையும் கேட்டுவிட்டேன். ஆனால் நான் அப்படி நம்பவில்லை.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. வரும் ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு போனில் என்னிடம் "உன் கேரியர் எப்படி இருக்கு?" என்று கேள். அம்மாவின் சமையலைக் கேலி செய்கிறாய் என்று எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் நீ ரத்தம் கொடுத்துவிட்டாய் என்று புரியும். கேட்காவிட்டால் என் இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லிவிடுவேன். அப்பா நாட்காட்டியில் போட்ட வட்டத்தை நான்தான் அழிக்க வேண்டியிருக்கும். நீ என்னோடு பேசாமல் போனாலும் பரவாயில்லை. பேசாமல் இருக்க நீ இருக்க வேண்டும்.

நீலப் பெட்டிக்குள் எட்டு ஊசிக்குக் குழி இருக்கிறது. நாலில் என்னுடையவை. மீதி நாலு குழியும் காலி. அவை காலியாகவே இருக்கட்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் அக்கா, ஒருவேளை தேவைப்பட்டால், இடம் இருக்கிறது.

காலுறையைக் கழற்று. நல்லபடியாக இரு.

உன் தங்கை,
பென்சில்

பின்குறிப்பு: நூலகர் சார் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். "இன்னும் ஒரு வரி" என்றேன். "ஒரு வரிதான்" என்றார். உறையை இப்போதே ஒட்டி, போகிற வழியில் பெட்டியில் போட்டுவிடுவேன். விளக்கை அணைத்துவிட்டார்.